தமிழில் ஒரு மட் விளையாட்டு: கட்டளையைத் தட்டச் சொல்வதா, பொத்தான் வைப்பதா?

சென்னையில் கல்லூரி இறுதியாண்டு படிக்கும் நான்கு பேர் சேர்ந்து, பலர் ஒரே நேரத்தில் ஆடக்கூடிய எழுத்து விளையாட்டு ஒன்றை, அதாவது ஒரு மட்டை (MUD), தமிழில் எழுதுகிறீர்கள். ஆடுபவர் ‘வடக்கே போ’, ‘விளக்கை எடு’ என்று தட்டச்சு செய்ய வேண்டுமா, இல்லை பொத்தான், மெனு, வரைபடம் என்று வைத்துவிடலாமா என்பது கேள்வி. குழுவில் ஒருவர், தட்டச்சு இல்லையென்றால் அது மட்டே இல்லை என்கிறார். இன்னொருவர், வேளச்சேரி பறக்கும் ரயிலில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு இதையெல்லாம் யார் தட்டுவார்கள் என்கிறார். எந்த எஞ்சினில், அதாவது விளையாட்டை ஓட்டும் எந்த அடிப்படை மென்பொருளில், தொடங்குவது என்றும் கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்.

இதை ‘எது சிறந்தது’ என்ற கேள்வியாக எடுத்துக்கொண்டால் சண்டைதான் மிஞ்சும். உண்மையில் நீங்கள் முடிவு செய்ய வேண்டியது வேறு: இந்த உலகத்தில் என்னென்ன செய்யலாம் என்பதை ஆடுபவர் தானே தேடிக் கண்டுபிடிக்க வேண்டுமா, திரையே அவருக்குச் சொல்லிவிட வேண்டுமா? கட்டளை அடியில் இருக்கட்டும், பொத்தான் அதன்மேல் உட்காரட்டும் என்பது என் பதில். தமிழில் இது ஆங்கிலத்தைவிட இயல்பாகவே அமையும் என்றும் நினைக்கிறேன். அந்த இடத்துக்கு வருகிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் அப்போது இணைய இணைப்பு கொடுத்த அரசு நிறுவனமான விஎஸ்என்எல், மாணவர்களுக்குக் குறைந்த கட்டணத்தில் ஷெல் கணக்கு கொடுத்தது. படம் வராது, வெறும் எழுத்துதான். தூரத்துக் கணினியோடு எழுத்தில் பேச உதவும் டெல்நெட் வேலை செய்தது. அதன் வழியாக மட் உலகத்துக்குள் போனேன். பிறகு டிக்குமட் என்ற பழைய நிரலிலிருந்து கிளைத்த ‘டிக்கு வகை’ மட் ஒன்றில் அறைகளும் பூதங்களும் எழுதும் பில்டராக இருந்தேன். இன்று பிழைப்பு வெப் இடைமுகம் எழுதுவது. ஆனால் தமிழில் ஒரு மட்டை நான் நடத்தியதில்லை. கீழே தமிழ் பற்றிச் சொல்வதில் இலக்கணமும் யூனிகோடும் (கணினி எழுத்துகளைச் சேமிக்கும் குறியீட்டு முறை) சம்பந்தப்பட்டவை உறுதியானவை. ஆட்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்று சொல்வதெல்லாம் என் கணிப்பு.

முதலில் அந்தத் தூய்மைவாதி நண்பரின் வாதம். இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா 1978-ல் முதல் மட்டை எழுதத் தொடங்கினார். 1980-ல் ரிச்சர்ட் பார்ட்டில் அதைக் கையில் எடுத்து வளர்த்தார். ஓடியது டெக் நிறுவனத்தின் பிடிபி-10 கணினியில். எதிரே இருந்தது எழுத்தைக் காட்டும் டெர்மினல். வேறு வழியில்லாத இடத்தில் தட்டச்சு செய்தார்கள், அவ்வளவுதான். அது ஒரு கொள்கை அல்ல. எழுத்து விளையாட்டு என்றாலே கட்டளைதான் என்பதும் சரியில்லை. 1989-ல் வந்த லெஜண்ட் ஆஃப் தி ரெட் டிராகன், தொலைபேசி மோடம் வழியாக உள்ளே போகும் பிபிஎஸ் என்ற அறிவிப்புப் பலகைக் கணினிகளில் ஓடியது. மெனுவைப் பார்த்து ஒரு எழுத்தை அழுத்தினால் போதும். 2003-ல் வந்த கிங்டம் ஆஃப் லோத்திங் பிரவுசரில் கிளிக் செய்து ஆடுவது. அதில் குச்சி மனிதப் படங்கள் உண்டு, ஆனால் உயிர் எழுத்தில்தான். திரையில் வருவது எழுத்தாக இருப்பது ஒன்று, ஆடுபவர் உள்ளே கொடுப்பது தட்டச்சாக இருப்பது இன்னொன்று. இரண்டையும் பிரித்துவிட்டால் உங்கள் சண்டையில் பாதி தீர்ந்துவிடும்.

சரி, கட்டளையால் என்ன லாபம்? வேகம் என்பார்கள். உண்மைதான். தினமும் போகிற ஓட்டலில் மெனு கார்டைத் தொடாமல் உட்கார்ந்ததுமே ‘ஒரு செட் பூரி, காபி ஸ்ட்ராங்கா’ என்று சொல்கிற ஆளுக்கு மெனு ஒரு தடை. ஆனால் வேகத்தைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது: கட்டளையைத் தட்டும் காலி வரி எதையும் காட்டிக்கொடுப்பதில்லை. அறையில் ஒரு பாழுங்கிணறு இருப்பதாக வர்ணனையில் எழுதுகிறீர்கள். ஆடுபவர் ‘கிணற்றை எட்டிப் பார்’ என்று தட்டி, உள்ளே படிக்கட்டு தெரிந்தால் அது அவருடைய கண்டுபிடிப்பு. அதே இடத்தில் ‘கிணற்றைப் பார்’ என்று ஒரு பொத்தான் முன்பே நின்றால் அவர் வர்ணனையையே படிக்க மாட்டார். இருக்கிற பொத்தான்களை வரிசையாக அழுத்திக்கொண்டே போவார். நீங்கள் ராத்திரி கண் விழித்து எழுதிய நான்கு வரி வீணாகும். பில்டருக்கும் ஒரு வசதி உண்டு. ‘மோப்பம் பிடி’ என்று புதிதாக ஒரு வினை சேர்க்க நினைத்தால் ஒரு ஃபங்ஷன் எழுதினால் போதும், திரையில் அதற்கு இடம் தேட வேண்டாம்.

ஆனால் அந்தக் காலி வரி ஒரு பொய்யும் சொல்கிறது. என்ன வேண்டுமானாலும் கேள் என்பது போல கர்சர் மின்னும். உள்ளே இருந்து, தட்டியதைப் பிரித்துப் புரிந்துகொள்ளும் பார்சர் என்ற நிரலுக்கோ கொஞ்சம் வினைகள்தான் தெரியும். வில் கிரௌதர் எழுதி டான் வுட்ஸ் 1977-ல் விரிவாக்கிய அட்வெஞ்சர் என்ற ஒற்றையாள் எழுத்து விளையாட்டு, இரண்டு சொல் கட்டளைகளைத்தான் ஏற்கும். ஒவ்வொரு சொல்லிலும் முதல் ஐந்து எழுத்தைத்தான் பார்க்கும். எம்ஐடி-யில் பிறந்த ஜோர்க் என்ற அதே வகை விளையாட்டு முழு வாக்கியத்தைப் புரிந்துகொண்டது. அப்போதும் ஆடுபவரின் மனதில் இருக்கும் சொல்லும் எழுதியவரின் மனதில் இருந்த சொல்லும் ஒன்றாக அமைவது பாதி அதிர்ஷ்டம். கயிற்றைத் தூணில் கட்டுவதா, முடிச்சுப் போடுவதா, மாட்டுவதா? ஒரு சொல்லை மட்டும் ஏற்றால் மற்ற சொற்களைத் தட்டியவர் தன் யோசனையே தப்பு என்று நினைத்து வேறு பக்கம் போய்விடுவார். புது ஆள் இரண்டு மூன்று முறை ‘புரியவில்லை’ என்ற பதிலை வாங்கினால் ஜன்னலை மூடிவிடுவார். இதற்குக் கணக்கெடுப்பு எதுவும் என்னிடம் இல்லை. ஆடுபவர்கள் தட்டியதைப் பதிவு செய்யும் லாகைப் படித்துப் படித்து வந்த எண்ணம் இது.

பொத்தான் பக்கம் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஒற்றையாள் சாகச விளையாட்டுகளின் வரலாறே சாட்சி. சியரா நிறுவனத்தின் கிங்ஸ் குவெஸ்ட் 1984-ல் படம் காட்டியது, ஆனால் கட்டளையைத் தட்டத்தான் வேண்டும். லூகாஸ்ஃபிலிமின் மேனியாக் மேன்ஷன் 1987-ல் தட்டச்சை எடுத்துவிட்டு 15 வினைகளைத் திரையின் கீழே அடுக்கியது. அதன் தொடர்ச்சியாக 1993-ல் வந்த டே ஆஃப் தி டென்டகிளில் அது 9 ஆனது. இடையே 1990-ல் கிங்ஸ் குவெஸ்டின் ஐந்தாம் பாகம் தட்டச்சை விட்டுவிட்டுச் சில ஐகான்களோடு நின்றுகொண்டது. யாரும் தவறு செய்யவில்லை. ஆடுவது எளிதானது, கூட்டமும் வந்தது. ஆனால் பொத்தானுக்குத் திரையில் இடம் வேண்டும், அதனால் வினைகள் குறைந்துகொண்டே வரும், குறையக் குறைய புதிர்களும் அந்த அளவுக்குள் சுருங்கும். உங்கள் போன் திரை அந்தக் கால மானிட்டரைவிடச் சின்னது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இன்னொரு பக்கமும் பாருங்கள். படம் முழுமையாக ஜெயித்த ஆன்லைன் விளையாட்டுகளிலும் கட்டளை வரி சாகவில்லை. 1999-ன் எவர்குவெஸ்ட், 2004-ன் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் இரண்டிலும் சாய்கோடு போட்டுத் தட்டும் கட்டளைகள் உண்டு. ஒருவரிடம் ரகசியமாகப் பேச, யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க, சிரித்துக் காட்ட என்று அவை மட் காலத்துப் பழக்கத்தின் நேர் வாரிசுகள். நடப்பது, அடிப்பது போன்றவை பொத்தானுக்குப் போயின. பேச்சும் ஒருவரோடு ஒருவர் பழகுவதும் தட்டச்சிலேயே தங்கின. உங்கள் விளையாட்டில் எதைப் பொத்தானுக்குக் கொடுப்பது என்பதற்கு இதைவிட நல்ல வழிகாட்டி எனக்குத் தெரியவில்லை.

சண்டையைப் பற்றியும் கேட்பீர்கள் என்று நினைக்கிறேன். தட்டச்சு மெதுவானவர் செத்துவிடுவாரே என்ற பயம் டிக்கு வகை மட்டில் அவ்வளவு பொருந்தாது. அங்கே ‘அடி’ என்று ஒருமுறை சொன்னால் போதும், சுற்றுகள் தானாக ஓடும். அந்த வகையில் ஒன்றான சர்க்கிள்மட்டில் ஒரு சுற்று 2 விநாடி. இடையில் ஓடிவிடுவதா, மருந்து குடிப்பதா என்று யோசிக்கத்தான் நேரம். 1997-ல் தொடங்கிய அக்கேயா என்ற மட் வேறு மாதிரி: ஒரு தாக்குதலுக்குப் பிறகு சமநிலை திரும்பும் வரை காத்திருக்க வேண்டும், எதிராளியோ இன்னொரு மனிதர். அங்கே தீவிரமாக ஆடுபவர்கள் தங்களுக்குப் பதில் தானாகக் கட்டளை அனுப்பும் ட்ரிகர், ஸ்கிரிப்ட் எழுதிக்கொள்கிறார்கள். தட்டச்சு என்றாலே தானியங்கிக்குக் கதவு திறந்ததுபோல என்று பயந்து பொத்தானுக்கு ஓட வேண்டாம். பொத்தானின் பின்னால் போகும் செய்தியையும் ஸ்கிரிப்டால் அனுப்ப முடியும். எவ்வளவு வேகமாக அனுப்பினாலும் பயன் இல்லாதபடி சர்வரில் விதி வைப்பதுதான் வழி.

இனி தமிழ். ரயில் நண்பர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. போனில் கீபோர்டு எழுந்தால் திரையில் ஏறக்குறைய பாதி போய்விடும், மிச்சப் பாதியில் வர்ணனை மூன்று வரிதான் தெரியும். தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை அமைப்பு தெரிந்தவர்கள் வேகமாக அடிப்பார்கள், ஆனால் அவர்கள் கொஞ்சம் பேர். பலர் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுவார்கள், ‘விளக்கு’ என்பதை ஆளுக்கு ஒரு விதமாக. அதையும் நீங்கள் ஏற்கத்தான் வேண்டும். ஒரு பொருளுக்கு நான்கைந்து எழுத்துக்கூட்டல் என்று அட்டவணை வைத்துக்கொள்ளுங்கள். ‘விளக்க எடு’ என்று பேசுகிறபடியே அடிப்பவரும் உண்டு, ‘விளக்கு எடு’ என்று உருபை விட்டுவிடுபவரும் உண்டு. இலக்கணம் பார்த்து அவர்களைத் திருப்பி அனுப்பாதீர்கள்.

பார்சர் எழுதும்போது வேற்றுமை உருபுதான் முதல் முட்டுக்கட்டை. விளக்கு விளக்கை ஆகும், மரம் மரத்தை ஆகும், வீடு வீட்டை, கிணறு கிணற்றை, கல் கல்லை. முடிவில் உள்ள ஐகாரத்தை வெட்டினால் போதும் என்று தொடங்கினால் ‘தலை’யும் ‘வாழை’யும் வெட்டுப்படும். ‘பட்டை’ என்பது மரப்பட்டையா, பட்டு என்பதோடு உருபு சேர்ந்ததா என்று இயந்திரத்துக்குத் தெரியாது. ஆகவே தலைகீழாகச் செய்யுங்கள். பில்டர் ஒரு பொருளை உருவாக்கும்போதே அதன் உருபேற்ற வடிவங்களை நிரல் உண்டாக்கிச் சேமிக்கட்டும். ஆடுபவர் தட்டியதை அந்த அறையில் இருக்கும் பொருள்களின் வடிவங்களோடு மட்டும் ஒப்பிடட்டும். ஓர் அறையில் பத்துப் பதினைந்து பொருள்தான் இருக்கும் என்பதால் குழப்பம் பெரும்பாலும் வராது. ‘விளக்கைத் தேடு’ என்று சந்தி போடுபவருக்காகச் சொல்லின் கடைசியில் வரும் க், ச், த், ப் ஆகியவற்றைக் கழித்துவிட்டும் ஒருமுறை பார்க்க வேண்டும். அப்புறம் யூனிகோடில் ‘ஒ’கர, ‘ஓ’கரக் குறிகளை ஒரே குறியாகவும் எழுதலாம், இரண்டு துண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ‘கொடு’ ஒன்றுதான், கணினிக்கு இரண்டு வேறு சொற்கள். உள்ளே வரும் ஒவ்வொரு வரியையும் துண்டுகளை ஒரே குறியாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிய பிறகுதான் மற்ற வேலை.

நல்ல செய்தியும் இருக்கிறது. டிக்கு வகையில் கட்டளையின் முதல் எழுத்தை மட்டும் தட்டினாலும் போதும், அட்டவணையில் எது முதலில் பொருந்துகிறதோ அது ஓடும். நம் நான்கு திசைகளும் வ, த, க, ம என்று வெவ்வேறு மெய்யில் தொடங்குகின்றன. யூனிகோடில் ‘தெ’ என்பது முதலில் த, பிறகு எகரக் குறி என்றுதான் சேமிக்கப்படுகிறது. அதனால் ‘த’ என்ற ஒரே எழுத்து ‘தெற்கு’ என்பதன் தொடக்கமாகப் பொருந்திவிடும். தமிழ்99-ல் அது ஒரே விசை. கிழக்கோடு கீழேயும், மேற்கோடு மேலேயும் மோதும், ‘வா’, ‘கொடு’ போன்ற வினைகளும் போட்டிக்கு வரும். அட்டவணையில் திசைகளை மேலே வைத்துவிட்டால் தீர்ந்தது.

நான் முன்பே சொன்ன இடத்துக்கு இப்போது வருகிறேன். ஆங்கிலக் கட்டளையில் வினை முதலில் வரும். தமிழில் ‘பெட்டியிலிருந்து விளக்கை எடு’ என்று வினை கடைசியில் வரும். முதல் சொல்லைப் பார்க்கும் பழைய பார்சர்களை அப்படியே எடுத்துவந்தால் தமிழர்கள் ‘எடு விளக்கு’ என்று யாரும் பேசாத ஒரு மொழியைக் கற்க வேண்டியிருக்கும். ஆனால் போனில் ஒருவர் விரலால் என்ன செய்வார்? வர்ணனையில் ‘விளக்கு’ என்ற சொல்லைத் தொடுவார், எடு, ஏற்று, அணை என்று சின்னப் பட்டியல் வரும், ஒன்றைத் தேர்வார். பொருள் முதலில், வினை பிறகு. அதாவது தமிழ் வாக்கியமும் தொடுதிரையும் ஒரே வரிசையில் நடக்கின்றன. தட்டச்சிலும் அப்படியே: ‘விளக்கை’ என்று தட்டியதும் பொருந்தும் வினைகளைக் கீழே பரிந்துரையாகக் காட்டலாம். இரண்டு வழியும் முடிவில் ‘விளக்கை எடு’ என்ற ஒரே வரியைத்தான் சர்வருக்கு அனுப்ப வேண்டும், அந்த வரி ஆடுபவரின் திரையிலும் தெரிய வேண்டும். பொத்தானில் தொடங்கியவர் அதைப் பார்த்துப் பார்த்தே கட்டளையைப் பழகிக்கொள்வார். பட்டியலில் சாதாரண வினைகளை மட்டும் வையுங்கள். கிணற்றை எட்டிப் பார்ப்பது, சுவரைத் தட்டுவது, சிலையின் காதில் பேசுவது இவையெல்லாம் தட்டுபவருக்கு மட்டும் கிடைக்கட்டும்.

உயிர் அளவு, கைப்பொருள், வரைபடம் ஆகியவை வேறு ரகம். அவற்றை நூறு முறை ‘பை’ என்று தட்டிக் கேட்க வைப்பதில் ஒரு இன்பமும் இல்லை, பக்கத்தில் காட்டிவிடலாம். பெரிய மட்கள் இதை ஜிஎம்சிபி என்ற நெறிமுறையில் செய்கின்றன. டெல்நெட் இணைப்பின் ஊடாகவே எழுத்தோடு கலக்காமல் தகவலைத் தனியாக அனுப்பும் வழி அது. மட்லெட் போன்ற கிளையன்ட், அதாவது ஆடுபவரின் கணினியில் ஓடும் மென்பொருள், அதை வாங்கி வரைபடமும் பட்டையும் வரைந்துகொள்ளும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை விட்டால் பிறகு சேர்ப்பது கஷ்டம். உலகம் முழுக்க மட் ஆடுபவர்களில் பார்வையற்றவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். ஆல்டர் ஏயான் போன்ற மட்கள் அவர்களை மனதில் வைத்தே வசதிகள் செய்திருக்கின்றன. திரையில் உள்ளதைப் படித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடரில் எழுத்து நேராகக் காதுக்கு வருகிறது, கட்டளை நேராகக் கையிலிருந்து போகிறது. பார்வையுள்ளவரோடு சமமாக ஆடக்கூடிய ஆன்லைன் விளையாட்டுகள் அதிகம் இல்லை. இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடர், ஈஸ்பீக் குரல் வழியாகத் தமிழும் படிக்கும். உங்கள் வெப் கிளையன்டில் விளையாட்டின் எழுத்து ஓடும் இடத்தை, புதிதாக வரும் வரிகள் தானாகப் படிக்கப்படும் பகுதியாகக் குறிக்க வேண்டும். ஒவ்வொரு பொத்தானுக்கும் எழுத்தில் பெயர் வேண்டும். வரைபடத்தில் மட்டும் தெரியும் தகவல் எதுவும் இருக்கக்கூடாது, ‘வழிகள்’ என்று தட்டினால் அதே விவரம் எழுத்தில் வர வேண்டும். பூந்தமல்லியில் பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளி இருக்கிறது. ஆர்வமுள்ள ஆசிரியர் ஒருவரைப் பிடித்து, அனுமதி வாங்கி, மூத்த மாணவர்களிடம் ஆடக் கொடுத்துப் பாருங்கள். குறைகளைத் தயங்காமல் சொல்வார்கள்.

கடைசியாக எஞ்சின். பைத்தான் தெரியும் என்றிருக்கிறீர்கள், அதனால் பைத்தானில் எழுதப்பட்ட எவென்னியா. ட்விஸ்டட், ஜாங்கோ என்ற பைத்தான் நிரல் தொகுப்புகளின் மேல் எழுதப்பட்டது, டெல்நெட்டும் வெப் கிளையன்டும் கூடவே வருகின்றன, யூனிகோடு தொல்லை இல்லை. கட்டளையைப் பிரிக்கும் பகுதியை மாற்றி எழுத இடமும் தருகிறார்கள். வினையைக் கடைசியில் தேடும் உங்கள் பார்சரை அங்கே பொருத்தலாம். அடையாளம் தெரியாமல் போன ஒவ்வொரு கட்டளையையும் முதல் நாளிலிருந்தே ஒரு கோப்பில் சேமியுங்கள். அடுத்து எந்த வினையைச் சேர்ப்பது என்பதை அந்தக் கோப்பு சொல்லும், பொத்தான் விளையாட்டில் இந்தத் தகவல் கிடைக்கவே கிடைக்காது. சர்க்கிள்மட்டில்தான் தொடங்குவோம் என்று குழு முடிவெடுத்தால் இரண்டு விஷயம். அதன் உரிமப்படி, அதை வைத்துப் பணம் சம்பாதிக்க முடியாது. அப்புறம், உள்ளே வரும் எழுத்துகளைப் படிக்கும் இடத்தில் ஆஸ்கி (ஆங்கில எழுத்துகளுக்கான பழைய குறியீடு) அல்லாதவற்றைச் சத்தமில்லாமல் தள்ளிவிடும் ஒரு சோதனை இருக்கிறது. தமிழில் எதைத் தட்டினாலும் சர்வருக்கு வெற்று வரிதான் போய்ச் சேரும். முதலில் அந்தச் சோதனையை மாற்றுங்கள். யூனிகோடை பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8-ல் 255 என்ற பைட் வரவே வராது என்பதால் டெல்நெட்டின் கட்டுப்பாட்டுக் குறியோடு தமிழ் எழுத்து மோதாது, அந்தப் பக்கம் கவலை வேண்டாம்.